நடக்காத கலியாணங்களின் கணக்கு

உரும்பிராய் ஏரம்பரை யாராவது கலியாணத் தரகர் என்று சொன்னால் அவருக்கு முகம் சுண்டிப்போகும். தரகு என்பது மாட்டுச் சந்தையில் துண்டால் கையை மூடிக்கொண்டு விரல் பிடிக்கிறவன் பார்க்கும் வேலை. தான் செய்வது இரண்டு குடும்பங்களைச் சேர்த்து வைக்கும் தருமம் என்பார். அந்தத் தருமத்தை அவர் முப்பது வருடமாக, வலிகாமம் முழுவதும், பெரும்பாலும் கால்நடையாகவே செய்து வந்தார். சலவை வேட்டி, தோளில் சால்வை, கக்கத்தில் குடை, மடியில் சாதகக் கட்டு. காலையில் வெளிக்கிட்டுப் போனால் பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புவார்.

அவர் வாயில் வலிகாமத்தில் குறையுள்ள மனிதர் ஒருவரும் இல்லை. சோதனையில் இரண்டு தரம் தவறிய பெடியனைப் பற்றி, படிப்பை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறார் என்பார். எல்லை வேலிக்காக அண்ணன் தம்பியோடெல்லாம் வழக்குப் பேசும் தகப்பன் அவர் கதையில் நியாயம் தெரிந்த மனிதர். ஒரு கால் சற்றுக் கட்டையான மாப்பிள்ளைக்கு நிதானமான நடை என்று சொல்லி அவர் முடித்து வைத்த கலியாணம் ஒன்று சுன்னாகத்தில் இன்றைக்கும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. பொய் சொல்லுகிறார் என்று யாரும் அவரைக் குற்றம் சாட்டியதில்லை. பெண்ணைப் பெற்றவர்களுக்கும் பெடியனைப் பெற்றவர்களுக்கும் அந்த நேரத்தில் கேட்க விருப்பமான கதை அதுவாகவே இருந்தது.

தருமம் என்றபடியால் அவர் காசு கேட்பதில்லை. கலியாணம் முற்றானதும் எழுந்து, போட்டு வாறன் என்று சொல்லிக்கொண்டு வேலிப் படலைவரை போவார். அங்கே படலைக் கொழுக்கி அவர் கைக்கு அகப்படாது. தினமும் இருபது படலை திறக்கிற மனிதருக்கு அந்த ஒரு கொழுக்கி மட்டும் என்ன செய்தும் கழலாது. பெண்ணின் தகப்பன் உள்ளே போய், வெற்றிலைக்குள் மடித்து எதையோ எடுத்துக்கொண்டு வந்து அவர் கையில் வைத்த பிறகுதான் கொழுக்கி இளகும். எவ்வளவு என்று அங்கே எண்ணிப் பார்க்கவும் மாட்டார். சந்தி திரும்பிய பிறகு பார்ப்பார்.

மனைவி நல்லம்மாவுக்கு வெற்றிலைக்குள் என்ன வருகிறது என்று தெரியாது. மாதம் பதினைந்து ரூபா கொண்டுவந்து கொடுத்து, உவ்வளவுதான், ஆக்கள் முந்தியைப்போலை இல்லை என்று பெருமூச்சு விடுவார். அவள் அந்தப் பதினைந்தோடு தன் வெங்காயத் தோட்டத்து வரும்படியையும் சேர்த்து வீட்டை நடத்தினாள். ஒரே மகளைப் பளைக்குக் கட்டிக் கொடுத்ததும் அப்படித்தான். அவளுக்கு இருந்த பெரிய கவலை புருஷனுடைய வயிறு. ஊரெல்லாம் நடந்து திரிகிற மனிதர், இராச் சாப்பாட்டில் இரண்டு வாய்க்கு மேல் உண்ண மாட்டார். வயிறு சரியில்லை என்று இலையை மடித்துவிடுவார். அவளும் சீரகத் தண்ணீர், வேப்பம்பூ, இஞ்சிச் சம்பல், ஓமக் கஞ்சி என்று முப்பது வருடமாக வைத்தியம் பார்த்துக்கொண்டே இருந்தாள். வயிறு தேறவில்லை. ஆனால் மனிதர் மெலியவும் இல்லை.

ஐரோப்பாவில் சண்டை தொடங்கிய பிறகு வந்த முதல் மாசி மாதம். கோப்பாயில் ஒரு பெண் வீட்டை வெளியிலிருந்து பார்த்துவிட்டு வருவோம் என்று ஏரம்பர் போயிருந்தார். தெருவிலிருந்து பார்த்தால் நல்ல ஓட்டு வீடு. ஆனால் முன்பக்கம் ஓடும் பின்பக்கம் ஓலையுமாக வீடு கட்டி, ஓட்டு வீடு என்று சாதிக்கிற தகப்பன்மாரை அவர் நிறையக் கண்டவர். வேலிக்கு மேலால் முகட்டின் மறுபக்கத்தைப் பார்க்கவேண்டுமென்றால் சற்றுப் பின்னுக்கு வரவேண்டும். வந்தார். தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் வந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு மாட்டு வண்டியை முந்துவதற்காகக் கனிசியஸ் என்பவருடைய பஸ் தன் பக்கத்தை விட்டுத் தெருவின் இந்தப் பக்கமாக வந்தது. குடை ஒரு பக்கம், சாதகங்கள் ஒரு பக்கம், ஏரம்பர் வாய்க்காலுக்குள். வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்துவிட்டது. தூக்கி எடுத்தவர்களிடம் அவர் முதலில் சொன்னது, பின்பக்கம் ஓலைதான் என்பது. வலியில் பிதற்றுகிறார் என்று நினைத்து அவர்கள் தண்ணீர் கொடுத்தார்கள்.

முறிவு வைத்தியர் எண்ணெய்ப் பத்துப் போட்டு, மூங்கில் சிம்புகள் வைத்துக் கட்டி, ஆடிக்கு முன் அந்தக் காலை மண்ணில் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். ஆடி என்றதும் ஏரம்பர் கண்ணை மூடிக்கொண்டார். பங்குனி போகட்டும். சித்திரையும் வைகாசியும் ஆனியும் அல்லவா கலியாண மாதங்கள். மலாயாவில் உத்தியோகம் பார்க்கிற மாப்பிள்ளைமார் லீவில் வந்து இறங்கி, பெண் பார்த்துத் தாலி கட்டிக் கப்பலேறுகிற காலம் அதுதான். அதன் பிறகு வருடத்தில் பாதி நாள் தருமத்துக்கு வேலை இல்லை.

பஸ்காரர் கனிசியஸ் கெட்ட மனிதர் அல்ல. ஒரு குலை இதரை வாழைப்பழத்தோடு வந்து பார்த்தார். பிழை தன் சாரதியுடையது என்று ஒத்துக்கொண்டார். தன் பஸ்ஸுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, வக்கீல் வேலை பார்க்கிற ஒரு பிரக்கிராசியைப் பிடித்துக் கேட்கிற விதமாகக் கேட்டால் கொம்பனி கட்டும் என்று வழியும் சொல்லிவிட்டுப் போனார்.

பிரக்கிராசி பொன்னம்பலம் யாழ்ப்பாணத்திலிருந்து தானே வீடு தேடி வந்தார். அவருடைய இரண்டு மச்சினிமாரை ஏரம்பர்தான் கரை சேர்த்தவர். கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு அமர்ந்து விளக்கினார். காலுக்கும் வலிக்கும் மருந்துக்கும் ஒரு தொகை கேட்கலாம், அது லேசு. கிடையில் கிடக்கிற மாதங்களில் உழைத்திருக்கக்கூடியது இன்னொரு தொகை, அதில்தான் சிக்கல். கவுண்மேந்து உத்தியோகத்தன் என்றால் கந்தோரிலிருந்து சம்பளக் கடிதம் ஒன்று எடுத்துக் கொடுத்தால் முடிந்தது. சொந்தத் தொழில் செய்கிறவன் தான் உழைத்ததைத் தானே காட்டவேண்டும்.

ஏரம்பர் தாம் தருமத்துக்கு அல்லவா செய்கிறவர் என்றார்.

"தருமத்துக்குச் செய்ததுக்குக் கொம்பனி நட்டஈடு தராது, ஏரம்பர். காசுக்குச் செய்தனீர் எண்டால்தான் காசு" என்றார் பொன்னம்பலம்.

ஏரம்பர் குசினிப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, வருமான வரிக்காரர் வந்துவிட மாட்டார்களா என்று கேட்டார். அந்த மரியாதை கிடைக்கிற அளவுக்கு உம்முடைய தருமம் வளரவில்லை, பயப்படாமல் சொல்லும் என்றார் பிரக்கிராசி. இன்னும் தாழ்ந்த குரலில், சில மாதம் ஒன்றும் இல்லை, சில மாதம் கூட, எல்லாவற்றையும் கூட்டிப் பிரித்தால் மாதம் நூறு வரும் என்றார் ஏரம்பர்.

நல்லம்மா கோப்பியோடு வாசலில் நின்றாள்.

"ஆருக்கு நூறு?" என்றாள்.

ஏரம்பர் பிரக்கிராசியைக் கையால் காட்டினார். ஐயா ஒரு கதைக்குச் சொல்லுகிறார், கோட்டு வழக்கில் எல்லாவற்றையும் கூட்டித்தான் சொல்லவேண்டுமாம் என்றார். அவள் கோப்பியை வைத்தாள். ஒன்றும் சொல்லாமல் போனாள். முப்பது வருடக் குடித்தனத்தில் அவள் ஒன்றும் சொல்லாமல் போன நாட்களை ஏரம்பர் விரல் விட்டு எண்ணிவிடுவார். ஒன்றும் நல்லாய் முடிந்ததில்லை.

ஆனால் அதைப் பற்றி யோசிக்க அவருக்கு நேரம் இருக்கவில்லை. கால் முறிவதற்கு முன்பே பாதி முடிந்திருந்த சம்பந்தம் ஒன்று அந்தரத்தில் கிடந்தது. நீர்வேலி மாப்பிள்ளை, மலாயாவில் றெயில்வேயில் கிளாக்கர். பெண் புத்தூர். மாப்பிள்ளையின் லீவு ஓடிக்கொண்டிருந்தது. இனியும் ஆள் போகாவிட்டால் வேறு தரகன் புகுந்துவிடுவான். தரகன் என்ற சொல்லை ஏரம்பர் மற்றவர்களுக்குப் பாவிக்கத் தயங்குவதில்லை. கடைசியில், வேறு வழியில்லாமல், நல்லம்மாவைக் கூப்பிட்டு இருத்திப் பாடம் சொல்லிக் கொடுத்தார். காணி பன்னிரண்டு பரப்பு என்று மட்டும் சொல்லவேண்டும். அதில் நாலு பரப்பு வழக்கில் கிடப்பதை அவர்களாகக் கேட்டாலொழிய எடுக்கக்கூடாது. பெண் சத்தம் போட்டுக் கதைக்கிறவள் என்பதைக் கலகலப்பான பிள்ளை என்று சொல்லவேண்டும். நல்லம்மா எல்லாவற்றுக்கும் ஓம் என்றாள்.

நீர்வேலியில் போய் இருந்து வெற்றிலையைக் கையில் எடுத்ததும் அவளுக்குப் பாடம் மறந்துபோனதோ, அல்லது மறக்க நினைத்தாளோ, காணியில் நாலு பரப்பு வழக்கில் கிடக்கிறது என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிட்டாள். பெட்டைக்குச் சத்தம் கூட, ஆனால் வேலை வெட்டியில் கெட்டி, மனதில் ஒன்றையும் வைக்க மாட்டாள் என்றாள். மாப்பிள்ளையின் தாய் பாக்குவெட்டியைக் கீழே வைத்தாள். பிறகு, தனக்குக் காது மட்டு, மெல்லக் கதைக்கிற மருமகள் வந்து தான் என்ன செய்வது என்று சிரித்தாள். வழக்குக் காணியைத் தள்ளிவிட்டுச் சீதனம் பேசினார்கள். ஒளித்தது ஒன்றும் இல்லை என்றபடியால் பிறகு கிளறவும் ஒன்றும் இருக்கவில்லை. சித்திரையில் கலியாணம் நடந்தது.

காசு விஷயத்திலும் அவள் புருஷனைப்போல் படலைக் கொழுக்கியோடு போராடவில்லை. புத்தூர்த் தகப்பனிடம் முதல் நாளே சொல்லிவிட்டாள்: சம்பந்தம் முடிந்தால் நாற்பது ரூபா, முடியாவிட்டால் வண்டிக் கூலி மட்டும். அந்த மனிதருக்கு அதுவே பெரிய ஆறுதல். ஏரம்பருக்கு எவ்வளவு வைப்பது, கூடினால் நட்டம், குறைந்தால் ஊரெல்லாம் கதை என்று அவர் பல இரவு நித்திரை இல்லாமல் யோசித்திருந்தாராம்.

நாற்பது ரூபாவையும் அவள் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தாள். கட்டிலில் கிடந்தவர் ஆவலாக, எவ்வளவு தந்தவை என்று கேட்டார்.

"பத்து" என்றாள் நல்லம்மா.

ஏரம்பருக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. முதல் தரம்தானே, பழகப் பழகக் கூடும் என்று தேற்றினார். அவள் ஓம் என்றாள்.

அதற்குப் பிறகு அவளைத் தேடி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஏரம்பர் எந்த வீட்டுக்குப் போனாலும் விறாந்தையைத் தாண்ட மாட்டார், தாண்டவும் கூடாது. நல்லம்மா நேரே குசினிக்குப் போவாள். அடுப்படியில் இருந்து மரக்கறி நறுக்கிக் கொடுத்துக்கொண்டே தாயிடம் கதை எடுப்பாள். பெண்ணைத் தனியாகக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய், பிள்ளை, உனக்கு விருப்பமோ என்று கேட்பாள். அதுவரை வலிகாமத்தில் எந்தத் தரகரும் கேட்டிராத கேள்வி அது. சில பெண்கள் அழுதார்கள். ஒருத்தி விருப்பமில்லை என்றே சொன்னாள். நல்லம்மா அந்தச் சம்பந்தத்தை அப்படியே விட்டுவிட்டு, வண்டிக் கூலியை வாங்கிக்கொண்டு வந்தாள். அதே வீட்டுக்கு ஒரு மாதத்துக்குள் வேறு மாப்பிள்ளையோடு போனாள். அவள் இப்படித் திரிந்ததில் வெங்காயத் தோட்டத்துக்கு நேரத்துக்குத் தண்ணீர் இறைக்க ஆளில்லாமல் பாதிக்கு மேல் கருகிப்போனது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஆனி மாதத்தில் கொழும்புக் கொம்பனி ஐசாக் என்பவரை அனுப்பியது. உடுவில் மிஷன் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவருடைய மகன். கொழும்பில் வேலை பார்த்தாலும் வடக்கில் ஏதும் விபத்து வழக்கென்றால் கொம்பனி அவரைத்தான் அனுப்பும். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சைக்கிளிலிருந்து இறங்கி வந்தார். நட்டத்தை மதிப்பிட வந்தவர் கதிரையில் அமர்வதற்கு முன்பே ஏரம்பர் அவரை மதிப்பிட்டு முடித்துவிட்டார்: வயது இருபத்தெட்டு, நல்ல உயரம், மோதிரம் இல்லை, சம்பளம் நூற்றைம்பதுக்குக் குறையாது. கிறிஸ்தவர், வேதக்காரராய்ப் போனதுதான் ஒரே குறை. அந்தப் பகுதியில் ஏரம்பருக்குத் தொடர்பு இல்லை.

அப்போது ஏரம்பர் உண்மையில் தடி ஊன்றிக் கிணற்றடிவரை போய் வரத் தொடங்கியிருந்தார். ஐசாக் வருகிறார் என்று கேள்விப்பட்டதும் தடி கட்டிலுக்குக் கீழே போய்விட்டது. ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் ஒரு சின்ன முனகல் வந்தது. ஐசாக் அதைக் கவனித்தாரோ என்னவோ, ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. மாத வருமானம் எவ்வளவு என்று கேட்டார். மார்கழியில் யார் தம்பி கலியாணம் கட்டுவது என்று ஏரம்பர் சிரித்தார். அப்படியானால் வருடத்துக்குச் சொல்லுங்கள், எந்த மாதம் வரும் எந்த மாதம் வராது என்றும் சொல்லுங்கள் என்று ஐசாக் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். செலவும் கேட்டார். வண்டி, பஸ், வெற்றிலை, வேட்டி வெளுப்பு என்று சொல்லிக்கொண்டு போன ஏரம்பர், சாத்திரியாருக்கு என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சாத்திரியாருக்கு என்னத்துக்கு என்று ஐசாக் கேட்டார்.

ஏரம்பர் முகட்டைப் பார்த்தார். வலிகாமத்தில் கிரகங்கள் எல்லாம் கலியாணத்துக்குத் தோதாகவே நிற்பதில்லை. அவற்றைச் சற்றே நகர்த்தி வைக்கச் சாத்திரியாருக்கும் ஒரு பங்கு போகும். அதை ஒரு கொம்பனி உத்தியோகத்தனிடம் சொல்லுவதா? சொன்னால், முப்பது வருடத்தில் கட்டின தாலியெல்லாம் ஒரே நாளில் கேள்விக்குறியாகிவிடுமே. ஐசாக் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, செலவு என்றால் செலவுதான், ஆருக்கு என்று கொம்பனி கேட்காது என்று அடுத்த கேள்விக்குப் போனார். அந்த ஒரு பேச்சுக்காகவே ஏரம்பருக்கு அவரைப் பிடித்துப்போனது. வேதக்காரப் பகுதியில் யாராவது தெரிந்தவர் இருக்கிறாரா என்று மனதுக்குள் தேடத் தொடங்கினார்.

சொன்னதெல்லாம் சரி, கொடுத்தவர்கள் சிலருடைய பெயர் வேண்டும் என்றார் ஐசாக். ஏரம்பர் தாம் முடித்த பெரிய இடங்களாகப் பார்த்து ஐந்து பெயர் கொடுத்தார்.

ஐசாக் சைக்கிளில் ஐந்து ஊருக்கும் போனார். முதல் வீட்டில், ஏரம்பரா, அவர் சும்மா வந்து போகிறவர், சம்பந்தம் தானாக வந்தது என்றார்கள். இரண்டாவது வீட்டில் பெண்ணும் மாப்பிள்ளையும் முறை மச்சான் மச்சாள், இதற்குத் தரகர் எதற்கு என்று கேட்டார்கள். அந்த இரண்டு குடும்பத்துக்கும் தாலி கட்டுவதற்கு முதல் முகம் தெரியாது. தரகர் வைத்துத்தான் மகளைக் கட்டிக் கொடுத்தோம் என்று வெளியாருக்கு முன்னால் எந்தத் தகப்பன் சொல்லுவான்? மூன்றாவது வீட்டில் ஒரு சால்வை கொடுத்ததாக ஒத்துக்கொண்டார்கள். நாலாவது வீட்டில் யோசித்துப் பார்த்து, இரண்டு தேங்காய் என்றார்கள். இணுவிலில் ஒருவர், வீட்டுப் பலாவில் நல்ல பழம் ஒன்று கொடுத்துவிட்டோம், அதை அவர் வண்டி பிடித்தல்லவா கொண்டு போனார் என்று பெருமையாகச் சொன்னார்.

திரும்பி வந்த ஐசாக் இவற்றையெல்லாம் ஒளிக்காமல் ஏரம்பரிடம் சொன்னார். தனக்குக் கவலைதான், ஆனால் விசாரித்த அளவில் உங்கள் வருமானம் ஒரு சால்வையும் இரண்டு தேங்காயும் ஒரு பலாப்பழமும். இதை வைத்துக் கொம்பனிக்கு என்ன எழுதுவது என்று கேட்டார்.

ஏரம்பருடைய முனகல் நின்றுவிட்டது. அவர் எழுந்து சாய்ந்து இருந்தார். கோபப்பட்டுக் கத்துவார் என்று ஐசாக் எதிர்பார்த்தார். அவர் கத்தவில்லை. மழையிலும் வெயிலிலும் அந்த இணுவில் வீட்டுக்கு எத்தனை தரம் நடந்தார் என்று மெல்லச் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதாகி, தாய் கோயில் கோயிலாக அழுதுகொண்டு திரிந்த காலம் அது. கலியாணத்தன்று அந்தத் தகப்பன் தன் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றதையும் சொன்னார்.

"முப்பது வருசம் நடந்தது ஒரு பலாப்பழத்துக்கோ, தம்பி?" என்றார்.

குசினி வாசலில் நல்லம்மா நின்றாள். அவளுக்கும் ஒரு கணம் யோசனை ஓடியிருக்கத்தான் வேண்டும். வாயைத் திறந்தால், பத்து என்று சொல்லி முடிந்து வைத்த நாற்பதுகள் எல்லாம் வெளியே வரும். திறக்காவிட்டால் புருஷனுடைய முப்பது வருடமும் பலாப்பழமாகிவிடும். அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"தம்பி, உந்தத் தொழில் என்ன தரும் எண்டு நான் சொல்லுறன். இவர் விழுந்த நாள் தொட்டு அதைச் செய்தது நான்தான்" என்றாள்.

முடித்த கலியாணங்களை ஊர் ஊராகச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் நாற்பது ரூபா என்றாள். வண்டிக்கு இவ்வளவு போனது என்றும், கருகின வெங்காயத்தையும் அப்போதுதான் சொன்னாள். அந்த வீடுகளில் போய்க் கேளுங்கள், அவர்கள் ஒளிக்க மாட்டார்கள். காசு முதல் நாளே எல்லோருக்கும் முன்னால் பேசினது என்றாள். சாத்திரியார் என்று அவள் கணக்கில் ஒருவரும் இருக்கவில்லை.

ஏரம்பர் நாற்பது என்ற சொல்லிலேயே நின்றுவிட்டார். ஆனால் அதைக் கேட்க இது நேரமல்ல. அவருக்கு இன்னொரு பயம் வந்துவிட்டது. மனைவி உழைத்துவிட்டாள், ஆகவே வீட்டுக்கு நட்டம் இல்லை என்று கொம்பனி கையை விரித்துவிடுமே. ஐசாக்கிடம் அதையே தடுமாறிக் கேட்டார்.

ஐசாக் எழுதிய தாளைப் புரட்டிப் பார்த்தார். "அவ உழைச்சது அவவின்ரை காசு, ஐயா. உங்கடை கால் சரியாயிருந்தால் அவ தன்ரை தோட்டத்தைப் பாத்திருப்பா. அதை உங்கடை நட்டத்திலை கழிக்க ஏலாது" என்றார். கழிக்க முடியாது என்பதோடு, அதுதான் இப்போது கையில் உள்ள ஒரே அத்தாட்சி என்றும் சொன்னார். இந்தத் தொழில், இந்த ஊரில், இந்த மாதங்களில் என்ன தரும் என்பதை அம்மா செய்து காட்டிவிட்டார். உங்களுக்குப் பதிலாக ஒருவரை வைத்து இந்தத் தொழிலை நடத்தியிருந்தால் என்ன வந்திருக்குமோ அதுவே உங்கள் நட்டம்.

பிறகு, தன் கடமைக்கு, ஏரம்பரே போயிருந்தால் இதைவிடக் கூட வந்திருக்குமா குறைய வந்திருக்குமா என்று கேட்டார்.

கட்டாயம் கூட என்றார் ஏரம்பர்.

"குறைய" என்றாள் நல்லம்மா.

ஐசாக் பேனையை வைத்துவிட்டு இருவரையும் பார்த்தார். நல்லம்மா நியாயம் சொன்னாள். இவர் பத்துச் சம்பந்தம் பேசினால் மூன்று, உண்மை தெரிந்ததும் குழம்பிப்போகும். அதற்கு அலைந்ததெல்லாம் வீண் செலவு. தன் கையில் ஒன்றும் குழம்பவில்லை. ஏரம்பருக்கு, நட்டஈடு கேட்கிற நேரத்தில் பெண்சாதியே எதிர்ப்பக்கத்துச் சாட்சியாய் வந்தால் மனிதன் என்ன செய்வான் என்று பிரக்கிராசிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்போல் இருந்தது. ஆனாலும் ஐசாக் தொப்பியை எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது, உடுவிலில் எந்தத் தெரு, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்க அவர் மறக்கவில்லை.

ஐசாக் போன பிறகு நல்லம்மா கட்டிலுக்குக் கீழே குனிந்து தடியை எடுத்து அவர் கைக்கெட்டச் சாத்தி வைத்தாள். பிறகு கதிரையில் அமர்ந்தாள்.

"நான் நாலு மாசத்திலை உவ்வளவு கண்டால், நீங்கள் முப்பது வருசமாய் என்ன செய்தனீங்கள்?"

பத்து என்று சொன்னதை எடுத்துக்காட்டலாமா என்று ஏரம்பர் யோசித்தார். எடுத்தால் நாலு மாதத்துக்கு எதிரே முப்பது வருடம் வந்து நிற்கும். விட்டுவிட்டார். பாதி சாத்திரியாருக்குப் போய்விடும் என்றார். வண்டிக்கும் வேட்டி வெளுப்புக்கும் கொஞ்சம். குழம்பிப்போன இடங்களுக்கு வாங்கினதைத் திருப்பிக் கொடுத்தது கொஞ்சம்.

"மிச்சம்?"

ஏரம்பர் கொஞ்சம் இழுத்தார். யாழ்ப்பாணம் பெரியகடைப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக்கடை இருக்கிறது, சம்பல் அருமையாக இருக்கும் என்றார்.

"தோசையோ?"

"வடையும்."

அவள் அவரைப் பார்த்தபடியே இருந்தாள். சீரகத் தண்ணீர், வேப்பம்பூ, ஓமக் கஞ்சி எல்லாம் அவள் முகத்தில் வரிசையாக வந்து போயின. வீட்டில் வயிறு சரியில்லை என்றது இதற்கா என்று கேட்க வாயெடுத்தாள், கேட்க முடியவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. முதலில் அடக்கினாள். பிறகு சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, கதிரையில் இருக்க முடியாமல் எழுந்து, கிணற்றடிக்குப் போய் நின்று சிரித்தாள். அவளுக்குக் கோபமும் இருந்தது. அது பிறகு, தவணை தவணையாக, பல வருடங்களுக்கு வந்தது. அன்றைக்கு இரவு அவள் தோசைக்கு உழுந்து போட்டாள். மறுநாள் காலையில் ஏரம்பர் எட்டுத் தோசை சாப்பிட்டார்.

ஐசாக் நல்லம்மா சொன்ன வீடுகளுக்கெல்லாம் போனார். ஒருவரும் ஒளிக்கவில்லை. கொம்பனி கட்டிய தொகை மாதக் கணக்கில் ஏரம்பர் சொன்ன நூறுக்குச் சற்றுக் குறைவாகவும், பலாப்பழத்துக்கு மிக மேலாகவும் இருந்தது. பிரக்கிராசி பொன்னம்பலம் தன் பங்குக்குக் கொஞ்சம் உயர்த்தி வாங்கிக் கொடுத்துத் தன் பங்கையும் எடுத்துக்கொண்டார். மிச்சத்தில் பாதியை நல்லம்மா கருகின வெங்காயத்துக்கென்று கேட்டு வாங்கினாள். ஏரம்பர் மறுக்கவில்லை. மறுக்கிற நிலையில் அவர் இல்லை.

ஆவணியில் அவர் தடியோடு மறுபடி தெருவில் இறங்கினார். போன இடமெல்லாம், அக்கா வரவில்லையா என்று கேட்டார்கள். பெண் வீட்டார் அவரை மரியாதையாக இருத்தி, கோப்பி கொடுத்து, வழக்குக் காணி ஏதும் இருக்கிறதா என்பதை அவவிடம் கேட்டுக்கொள்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச நாள் அவருக்கு மனம் நொந்தது. பிறகு ஒரு விஷயம் புரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் இன்னும் அவரைத்தான் விரும்பினார்கள். மகன் படிப்பை நிறுத்தி வைத்திருக்கிறார் என்று அழகாகச் சொல்ல அவர்களுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. ஆகவே யாரும் தீர்மானிக்காமலே, மாப்பிள்ளைப் பகுதி ஏரம்பரிடமும் பெண் பகுதி நல்லம்மாவிடமும் வந்து சேர்ந்தன. சில சமயம் ஒரே சம்பந்தத்துக்கு இருவரும் இரண்டு பக்கமாய் நின்றார்கள்.

கைதடிப் பெண் ஒன்றை அச்சுவேலி மாப்பிள்ளைக்குப் பேசிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு மத்தியானம், ஏரம்பர் சோற்றைப் பிசைந்துகொண்டே, ஒன்றும் தெரியாதவர்போல், அந்தப் பிள்ளைக்குக் கிணற்றில் எத்தனை பங்கு என்று கேட்டார்.

"உதை நீங்கள் கேக்கிறியளோ, மாப்பிள்ளைப் பகுதி கேக்குதோ?" என்றாள் நல்லம்மா.

"மாப்பிள்ளைப் பகுதி."

"அப்ப சாப்பிட்டிட்டு, சால்வையைப் போட்டுக்கொண்டு முன்பக்கத்தாலை வாங்கோ. இருந்து கதைப்பம்."

ஏரம்பர் கை கழுவினார். சால்வையை எடுத்துத் தோளில் போட்டார். தடியை ஊன்றிக்கொண்டு பின்பக்கத்தால் இறங்கி, வீட்டைச் சுற்றி வந்து, முன்பக்கத்தில் நின்று கனைத்தார். நல்லம்மா கதிரையை இழுத்துப் போட்டு, வாங்கோ, இருங்கோ என்றாள். வெற்றிலைத் தட்டத்தை அவர் பக்கம் தள்ளி வைத்தாள். கிணற்றில் பங்கு அரைவாசி என்றாள். ஏரம்பர் அது காணாது, இன்னும் கூட வேண்டும் என்றார்.